கொல்லிமலைப் பாட்டியம்மா



குடும்பத் தாய்மாரை நினைவுகூரும் இந்த ஆராதனையில் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரைப் பற்றிச் சில வார்த்தைகள். சேந்தமங்கலத்தில் நின்றால் கிழக்கே தெரிகிறதே கொல்லிமலை, அங்கேதான் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

1879-ல் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். 1913-ல் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரை மணந்தார்கள். நரம்புச் சிலந்திப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், தாயில்லாப் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பதுமே அன்றாட வேலை. சொந்தப் பிள்ளைகள் பாலும் கோனியுமோ 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்து போனார்கள். 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் ஐயர் மரித்தார். பிள்ளைகள் தகப்பன் முகத்தைத் திரும்பப் பார்க்கவேயில்லை. தாய்மார்களே, அந்த வேதனை உங்களுக்குப் புரியும்.

ஏறக்குறைய எழுபது வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அம்மையார் ஓய்வை வாங்கிக்கொண்டு, மறுபடியும் மலைக்கே ஏறிவிட்டார்கள்! இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார்கள். நடக்க முடியாத இடத்துக்குக் குதிரைமேல் போனார்கள். மகனோ வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட். கீழே வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். கேட்டார்களா? தேவனுக்கு உதவாத உடம்பைப் பத்திரப்படுத்தி வைத்து என்ன செய்வது என்பதே அவர்கள் எண்ணம். (டாக்டர் பிள்ளைகளைப் பெற்ற நம் பாட்டிகளும் இப்படித்தான், மாத்திரை ஒன்றும் உள்ளே போகாது.)

1974 டிசம்பரில், 95-ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, அதே மலையில், கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.