எண் பலகைக்குத் தாய்மொழி ஏது?

(வேப்பனப்பள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேப்பனப்பள்ளித் திடலில் அன்று என் எதிரே அமர்ந்திருந்தோர் சில நூறு பேர். ஏட்டைக் கையில் ஏந்தி, தேநீர்க் கடைப் பலகையிலும் படிப்பக மேசையிலும் அமர்ந்திருக்கும் நீங்களோ பல்லாயிரவர். அங்கு சொன்னதை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டு மனிதர்கள் சந்திக்கும்போது முதலில் பேசுவது நா அன்று, கண். அவன் உடுத்தியிருப்பது என்ன, அவன் நாக்கில் புரளும் மொழி எது, அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்றெல்லாம் கண் கணக்குப் போட்டு, "இவன் இன்னான்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது. அதன் பிறகே வாய் திறக்கிறது. வாய் பேசுவது எதிரே நிற்கும் மனிதனோடு என்றா எண்ணுகிறீர்கள்? இல்லை, தோழர்களே! கண் எழுதிய தீர்ப்போடு பேசுகிறது.

நாடகம் எழுதுபவனுக்கு இந்த இரகசியம் தெரியும். திரை உயர்ந்ததும் கிழிந்த துண்டைத் தோளில் போட்டபடி ஒருவன் மேடைக்கு வந்தால், அவன் வசனம் பேசுமுன்பே கொட்டகை சிரிக்கிறது. பட்டுச் சட்டைக்காரன் வந்தால் கொட்டகை நிமிர்ந்து உட்காருகிறது. இருவருக்கும் ஒரே வசனத்தைத் தந்து பாருங்கள்! முதலாமவன் சொன்னால் உளறல். இரண்டாமவன் சொன்னால் உபதேசம்! மேடையில் இது உத்தி. வீதியில் இதுவே அநீதி.

இதை ஏன் வேப்பனப்பள்ளியில் பேசினேன்? அந்த ஊர் நிற்கும் இடம் அப்படி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட ஓரம் அது. ஒரு பக்கம் கருநாடகத்தின் கோலார்ச் சீமை; மறுபக்கம் ஆந்திரத்தின் குப்பம். கருநாடகத்தில் பிறந்த மார்க்கண்டேய நதி, இந்த ஊர்ப் பக்கம் ஓடி வந்து தென்பெண்ணையில் கலக்கிறது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், உறவினர் வந்தால் கன்னடம், அண்டை வீட்டாரோடு உருது என்று ஒரே நாளில் நான்கு மொழிகளில் புழங்குவோர் வாழும் வட்டாரம் இது.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். "பள்ளி" என்றதும் மாணவனுக்குப் பாடசாலை தோன்றும். இசுலாமியத் தோழருக்குத் தொழுகை இடம் தோன்றும். இலக்கியம் கற்றவருக்குச் சமண முனிவர் உறைந்த இடம் தோன்றும். இங்குள்ள உழவருக்கோ அது ஊர்! அதையே கன்னடர் "ஹள்ளி" என்பர். தெலுங்கர் "பல்லெ" என்பர். தமிழன் "வா" என்கிறான்; கன்னடன் "பா" என்கிறான்; தெலுங்கன் "ரா" என்கிறான். பால் அங்கே ஹாலு, இங்கே பாலு. நம் புலவர்கள் வீட்டை "மனை" என்றும் "இல்" என்றும் சொன்னார்கள். முதற்சொல் "மனெ" ஆகிக் கன்னடன் வாயிலும், இரண்டாம் சொல் "இல்லு" ஆகித் தெலுங்கன் வாயிலும் இன்றும் வாழ்கின்றன. இவை ஒரு குடும்பத்து மொழிகள் என்று 1816 இல் எல்லிசும், 1856 இல் கால்டுவெல்லும் எழுதி வைத்தார்கள். அவர்கள் ஏட்டில் எழுதியதை இந்த ஊர்ச் சந்தை நாள்தோறும் மெய்ப்பிக்கிறது.

ஆனால் 2016 செப்டம்பர் 12 அன்று என்ன நடந்தது? காவிரி நீர் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் கொளுத்தப்பட்டன. அதே நாளில் சென்னையில் கருநாடகத்தவர் நடத்தும் உணவு விடுதி தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கருநாடக வண்டியில் வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். ஓசூர் எல்லையில் பேருந்துகள் நின்றன. மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். 1991 டிசம்பரில் இதைவிடக் கொடிய நாட்களைப் பெங்களூர்த் தமிழர் கண்டிருந்தனர்.

கல்லை எறிந்தவன் எதைப் பார்த்து எறிந்தான்? எண் பலகையைப் பார்த்து! டி.என். 70 என்றால் ஓசூர், டி.என். 24 என்றால் கிருஷ்ணகிரி. அந்த வண்டியின் உள்ளே இருந்தவன் வீட்டில் கன்னடம் பேசும் ஓசூர்க்காரனாக இருக்கலாம். கே.ஏ. என்று பொறித்த வண்டியில் வந்தவன், பெங்களூரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழனாக இருக்கலாம். எண் பலகைக்குத் தாய்மொழி ஏது? அது வரி கட்டிய ஊரைச் சொல்லும். வாழும் மனிதனைச் சொல்லுமா? "யார் நீ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கன்னடத்திலேயே பதில் வந்திருக்கும். கேட்க அவனுக்கு நேரமில்லை. கண் தீர்ப்பை எழுதிவிட்டது!

ஆற்று நீரில் நமக்குள்ள உரிமையை ஒரு துளியும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. உரிமையை நீதிமன்றத்தில் கேட்போம், மக்கள் மன்றத்தில் கேட்போம். வண்டி ஓட்டியின் மண்டையில் கேட்பது உரிமைப் போர் ஆகாது.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1966 இல் பம்பாயில் சிவசேனை தோன்றியது. தென்னாட்டவரே அதன் முதல் இலக்கு. அவர்கள் தமிழன் யார், கன்னடன் யார் என்று பிரித்துப் பார்த்தார்களா? எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: "மதராசி!" எல்லையில் நின்று "நீ வேறு, நான் வேறு" என்று முறைத்துக்கொண்ட இருவரும் அங்கே ஒரே வசைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சொல் நம்மை எப்படிச் சுட்டது என்பதை நாம் மறக்கவில்லை.

மறக்காத நாம் இன்று என்ன செய்கிறோம்? ஓசூரின் தொழிற்பேட்டையிலும் கட்டட வேலைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த உழைப்பாளிகள் வியர்வை சிந்துகிறார்கள். அவர்களை நம்மில் சிலர் "வடக்கன்" என்கிறார்களே! "மதராசி"க்கு இது எந்த வகையில் தம்பி இல்லை? இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் கொள்கை, அதில் தளர்வில்லை. திணிப்பவன் அதிகார நாற்காலியில் இருக்கிறான்; செங்கல் சுமப்பவன் எதையும் நம்மீது திணிக்க வரவில்லை. கூலி தேடி வந்தான்.

2023 மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படக்காட்சிகள் பரப்பப்பட்டன. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போனவர்களின் கூட்டத்தை, உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டம் என்றார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது, பொய் பொடியானது. ஆனால் அந்த ஒரு சில நாட்கள் பொய் எப்படி நின்றது? தொழிலாளிக்கு நம் முகம் தெரியாது. நமக்கு அவன் பெயர் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு நாளும் பேசாதவனிடம் அந்த வீட்டைப் பற்றி எவன் எதைச் சொன்னாலும் எடுபடும்.

மாநில எல்லையோடு இது முடிந்துவிடுகிறதா? ஊருக்குள் வாருங்கள். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. வால் போயிற்று, மோப்பம் பிடிக்கும் மூக்குப் போயிற்றா? "எந்தத் தெரு?" "யார் மகன்?" "குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். பதில் கிடைத்ததும் குரல் மாறுகிறது. "வாங்க" என்றது "வா" ஆகிறது. நரைத்த தலையை, மீசை முளைக்காத சிறுவன் "ஏய்" என்று அழைத்த கொடுமை நூற்றாண்டுகள் நடந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பட்டம் இல்லை என்று தெரிந்ததும் நாற்காலி காட்டிய கை பெஞ்சைக் காட்டியது எனக்கும் நேர்ந்ததுண்டு. பெஞ்சே கிடைக்காமல் வாசலில் நின்றவர்களின் வேதனைக்கு முன் அது தூசு.

ஆகவே, இயக்கத் தோழனே, உன்னிடம் கேட்பது இதுதான். நாளை நீ துண்டறிக்கையோடு வீடு வீடாகச் செல்வாய். கதவு திறந்ததும் தெலுங்கு கேட்டால் முகம் சுருக்காதே. ஈரோட்டுப் பெரியவர் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொள். சிறுபான்மை மொழிக் குழந்தை தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யவேண்டும் என்று, 1956 இல் சேர்ந்த 350அ பிரிவு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. பம்பாய்த் தமிழ்க் குழந்தைக்கு அதைக் கேட்கும் நாம், வேப்பனப்பள்ளியின் தெலுங்குக் குழந்தைக்கு மறுத்துப் பேசினால் நம் வாதம் அங்கேயே செத்துப்போகும்.

மரியாதைச் சொல் எல்லா மொழியிலும் இருக்கிறது. தமிழில் "நீங்கள்", கன்னடத்தில் "நீவு", தெலுங்கில் "மீரு", உருதிலும் இந்தியிலும் "ஆப்." நான்கே சொற்கள்! ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். பண்ணையாருக்கு ஒன்று, பண்ணையாளுக்கு ஒன்று என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடு. ஊரைக் கேட்பதற்குமுன், தெருவைக் கேட்பதற்குமுன், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை துண்டறிக்கை உன் கையிலேயே இருக்கட்டும்.

வாரம் ஒரு நாள், நம் படிப்பகத்தின் பெஞ்சில் மொழி வேறான ஒருவரையாவது அழைத்து அமர்த்துங்கள். அடுத்த முறை பொய்யன் ஒருவன் அவரைப் பற்றிக் கதை கட்டி வரும்போது, "அவரை எனக்குத் தெரியும்" என்று எழுந்து நிற்கப் பத்துப் பேர் இந்த ஊரில் இருக்கவேண்டும். அந்தப் பத்துப் பேரில் நீயும் ஒருவனாக இரு.