சங்கும் பூச்சாண்டியும்

(தளியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராகிக் கதிர் முற்றினால் நம் வட்டாரத்தில் யானை வரும். பரண் கட்டிக் காவல் இருக்கிறோம். பயம்தான், ஆனால் அந்தப் பயத்துக்கு உருவம் உண்டு, தடம் உண்டு. உருவமே இல்லாத பயம் வந்தால் மனிதன் என்ன ஆவான்? அதைச் சொல்லும் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுவோம்.

பெயர் ‘லார்ட் ஆப் தி பிளைஸ்’. ஈக்களின் தலைவன் என்று பொருள். 1954-ல் வந்தது. எழுதிய வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பள்ளிச் சிறுவர்கள் ஆளில்லாத தீவில் சிக்குகிறார்கள்.

முதலில் கிடைப்பது ஒரு சங்கு. ரால்ப் என்ற பையன் ஊதுகிறான், எல்லோரும் கூடுகிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர் கேட்கவேண்டும். நமக்குத் தெரிந்தது ஆலைச் சங்கு. அது வேலைக்குக் கூப்பிடும்; பேசக் கூப்பிடாது. சிறுவர்களின் சங்கோ பேசும் உரிமை. நமக்கு அது சங்கம்.

அடுத்தது மூக்குக் கண்ணாடி. பிக்கி என்று கேலி செய்யப்படும் குண்டுப் பையனுடையது. அதில் வெயிலைக் குவித்துத்தான் தீ மூட்டுகிறார்கள். தீயின் பலன் எல்லோருக்கும். ஏச்சும் பேச்சும் பிக்கிக்கு.

மூன்றாவது பூச்சாண்டி. சின்னப் பையன் ஒருவன் இருட்டில் ஏதோ கண்டேன் என்கிறான். பயம் பரவுகிறது. வேட்டைக் கூட்டத் தலைவன் ஜாக் அந்தப் பயத்தையே முதலாக்கிக்கொள்கிறான். இறைச்சி தருவேன், காப்பாற்றுவேன், என் பின்னால் வா என்கிறான். முகத்தில் சாயம் பூசுகிறார்கள். பன்றித் தலையைக் கம்பில் செருகிப் பூச்சாண்டிக்குப் படைக்கிறார்கள். ஈ மொய்க்கும் அந்தத் தலைதான் நூலின் பெயர்.

சைமன் என்பவன் மலையேறிப் பார்க்கிறான். அங்கே இருப்பது பாராசூட்டில் இறங்கிய போர்வீரனின் பிணம்! சொல்ல ஓடிவருகிறான். இருட்டில், ஆட்ட வெறியில், அவனையே பூச்சாண்டி என்று அடித்துக் கொல்கிறார்கள்.

பிறகு ஜாக் கூட்டம் இரவில் வந்து கண்ணாடியைப் பறிக்கிறது; சங்கைத் தொடவில்லை. தீ வேண்டும், பேச்சு வேண்டாம்! சங்கை ஏந்தி நியாயம் கேட்கப் போன பிக்கி மீது பாறையை உருட்டுகிறார்கள். பிக்கியும் மடிகிறான், சங்கும் நொறுங்குகிறது.

இது எங்கோ தீவில் நடந்த கதைதானா? 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். வதந்தி முற்றினால் மிட்டாயும் கொலைக்குச் சாட்சியாகும்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். பொய் என்று தெரிவதற்குள் எத்தனை பேர் கூலியை விட்டு ரயிலேறினார்கள்! ஓசூர் ஆலைகளில் நம்மோடு நிற்பவர்கள் அவர்கள். அவனுக்கு நம்மைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நமக்கு அவனைக் காட்டுவார்கள். இருவரும் சேர்ந்து கூலி கேட்காமலிருந்தால் யாருக்கு லாபம்?

மனிதன் உள்ளுக்குள் மிருகம்தான் என்று இந்நூலைக் காட்டிச் சொல்வோர் உண்டு. நாம் ஒப்பவில்லை. 1965-ல் தொங்கா நாட்டுச் சிறுவர் ஆறு பேர் உண்மையாகவே ஆளில்லாத அட்டா தீவில் சிக்கினார்கள். முறை வைத்து வேலை செய்தார்கள். அணையாமல் தீயைக் காத்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டு, அவன் வேலையையும் பார்த்தார்கள். ஓராண்டுக்கும் மேலான பிறகு, 1966-ல், ஆறு பேரும் உயிரோடு மீண்டார்கள்.

ஆகவே தோழர்களே, யாராவது பூச்சாண்டி காட்டினால், கல்லை எடுக்குமுன் கூட்டத்தைக் கூட்டுவோம். இந்திக்காரத் தோழன் கையிலும் சங்கைக் கொடுத்து அவன் பேச்சைக் கேட்போம். பிறகு மலையேறிப் பார்ப்போம். சைமன் தனியாகப் போனான். நாம் சேர்ந்து போவோம்.