அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கும் சட்டங்கள்

(திருகோணமலையில் சாதாரண தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலைநாட்டிலிருந்து இந்தத் துறைமுக மாவட்டத்துக்கு வந்திருக்கிறோம். ஆனாலும் வேற்றூரில் நிற்பதாகத் தோன்றவில்லை. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடிவந்த நம் உறவுகள் இங்கும் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளோடுதான் இன்று பேசுகிறோம்.

பிள்ளைகளே, பரீட்சைக்காக நீங்கள் தேசிய அடையாள அட்டை எடுக்கிறீர்கள். அந்த அட்டைக்குப் பின்னால் 55 வருடக் கதை இருக்கிறது.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறு வருடமே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்துக் காம்பிராவில் பிறந்த எத்தனை பேரிடம் அதற்குக் கடதாசி இருந்தது? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் நம் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

1964ஐ நினைவில் வையுங்கள். அந்த வருடம் ஜூலை 2ஆம் திகதி, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. உணவகத்திலும் வேலைத்தலத்திலும் நிறம் பார்த்து ஒதுக்குவதை அது தடை செய்தது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போட்டார்கள். அண்ணன் இங்கே இருக்க, தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார்.

அப்புறம் உரிமை தானாக வந்ததா? இல்லை. 1986 தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினார்கள். அந்த வருடமே நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 2003 ஒக்டோபரில் 35ஆம் இலக்கச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அது பிரசாவுரிமை கொடுத்தது. நம்மைப் பங்கு போட்ட அதே திகதி, நம் உரிமைக்கு ஆதாரமானது.

ஆசிரியர்களே, இந்தச் சட்டங்களை வருடமும் இலக்கமுமாக மட்டும் படிப்பிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பிரசாவுரிமைப் பத்திரம், அப்பாயியின் பழைய பாஸ்போர்ட், போனவர்கள் எழுதிய கடிதம் எதுவானாலும் இருக்கட்டும். அது யாருடையது, எந்தச் சட்டத்தால் வந்தது என்று பிள்ளை கேட்டு எழுதட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். கடதாசி இல்லாததால் நாம் பட்டது போதும்.

பிள்ளைகளே, ஒரு சட்டம் நம் உரிமையைப் பறித்தது, இன்னொரு சட்டம் திருப்பித் தந்தது. இரண்டையும் செய்தது பாராளுமன்றம்தான். அங்கே யார் போவதென்று தீர்மானிக்கும் வாக்கு 18 வயதில் உங்கள் கைக்கு வரும். நமக்குக் காணியுரிமை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைக் கேட்கப் போகிறவர்கள் நீங்கள். எப்படிக் கேட்டு வாங்கினோம் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.