தோலைக் காப்பது நிறத்துக்காகவா?



தோலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் புன்முறுவல் தோன்றுகிறது. "இது பெண்பிள்ளைகள் விஷயமல்லவா?" என்ற எண்ணம் போலும். அப்படியன்று. கடலில் வலை வீசுவோருக்கும், தோட்டத்தில் வெங்காயம் நடுவோருக்கும், சந்நிதி முருகன் திருவிழாவில் சுடுமணலிற் காவடி எடுப்போருக்கும் உரிய விஷயம் இது. 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியின் ஊரவர் நாம். வெயிலும் உப்புநீரும் நமக்குப் புதியனவல்ல.

"கறுத்த தோலை வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பாருண்டு. நம் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் ஓரளவு காவல் செய்வது உண்மையே. வெள்ளையரைப் போல் நமக்குத் தோற் புற்றுநோய் அதிகம் வருவதில்லை. ஆயினும் அது முழுக் கவசமன்று. சூரியனின் புறஊதாக் கதிர்கள் நம் தோலையும் சுருக்கும், கருந்திட்டுக்களை உண்டாக்கும். கண்ணிற் புரை வளர்வதற்கும் அவை ஒரு காரணம். பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் உச்சி வெயில் கடுமையே.

ஆகவே செய்யவேண்டியது என்ன? முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை இயன்றளவு நிழலை நாடுங்கள். இயலாதபோது பனையோலைத் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் அணியுங்கள். அவற்றுக்குப் பின்னரே சன்ஸ்கிறீன் என்னும் வெயிற்காப்புக் களிம்பு. 30 என்ற எண் குறித்த களிம்பைத் தாராளமாகப் பூசினால், தோலைச் சுடும் கதிர்களில் நூற்றுக்கு 97 பங்கு தடுக்கப்படும். மெல்லியதாகத் தடவினால் அப்பலன் கிட்டாது. வியர்வையிலும் நீரிலும் கரைவதால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வெயிற்காப்புக் களிம்பு வேறு, வெள்ளையாக்கும் பூச்சு வேறு. பின்னையவற்றுட் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுக்களை ஒழிக்க முனைந்தது. ஆயினும் அவை கடைகளில் அகப்படவே செய்கின்றன. உள்ளடக்கம் குறிக்காத டப்பாவை வாங்காதீர்கள்.

பெரியோர்களே, ஒன்று கேட்கிறேன். கலியாணப் பேச்சில் "பிள்ளை என்ன நிறம்?" என்று நாம் கேட்கும் கேள்வியல்லவா அந்த டப்பாவை விற்றுக்கொடுக்கிறது? அக்கேள்வியை இன்றோடு விடுவோம்.

வாலிபர்களே, வருகிற திருவிழாவில் நம் தண்ணீர்ப்பந்தலுக்கு அருகே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நிழற்பந்தலும் போடுவோம். கறுப்பு நமக்குக் குறையன்று; கவனமின்மையே குறை.