நடந்து வருகிறவர்களும் நம்ம ஊரும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளின் ஒன்றுகூடலில், கொட்டாஞ்சேனையில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலை பார்க்கிற நீங்கள், கொழும்பில் வந்து இறங்கிய முதல் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். தெரியாத தெருவில் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்ட முகம் சாகும்வரை மறக்காது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறோம்.

மலைநாட்டில் இப்போது 'பெக்கோ டிரெயில்' என்று ஒரு நடைபாதை இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல எல்லாம் அதில் வருகின்றன. பெரும்பாலும் புதிதாக வெட்டின ரோட்டு அல்ல; நம்ம பாட்டன் பூட்டன் நடந்த தோட்டப் பாதைகள்தான்.

அப்புத்தளையைப் பாருங்கள். சின்ன டவுன். பக்கத்திலே 1890இல் தோமஸ் லிப்டன் கட்டின தம்பேதன்னை தொழிற்சாலை. களைத்து வருகிறவருக்கு அங்கே ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும், தங்க ஒரு அறையும் கிடைக்கும். ஊருக்கு நல்ல பேர் அப்படித்தான் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் லயத்துப் பக்கமாக நடந்து வந்து, கக்கூஸ் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது கதவுக்குப் பதில் சாக்குத் தொங்கினது. வெட்கப்பட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கூடையோடு நின்ற ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, அவங்களுக்கு ஒரு நாளைக்கு இல்லைன்னு வெட்கப்படுறீங்க. எங்களுக்கு வருஷம் பூரா இல்லையே?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு மனு மேல் மனு எழுதி, கதவும் தண்ணீரும் உள்ள இரண்டு கக்கூஸ் கட்டினோம். வருகிறவர்களுக்காக அல்ல, நம்ம பெண்களுக்காக. வருகிறவர்களும் பாவிக்கட்டும்.

கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை திரும்ப நடந்தார்கள். நடக்கிறவன் தாகம் நமக்குத் தெரியாதா?

ஆகவே மூன்று விஷயம். பிள்ளைகளை டொபிக்கும் பேனைக்கும் பின்னால் ஓட விடாதீர்கள். விருப்பமில்லாவிட்டால் போட்டோ வேண்டாம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். தேத்தண்ணி விற்றால் விலையை முதலே சொல்லுங்கள்.

தம்பி தங்கச்சிமாரே, கடையில் நின்று நீங்கள் பழகின சிங்களமும் இங்கிலீசும் மலையிலேயும் சோறு போடும். லீவில் வரும்போது அந்தப் பாதையில் ஒருக்கா நடந்து பாருங்கள். வழிகாட்டியாக வர முதல் உரிமை அங்கே பிறந்தவர்களுக்குத்தான்.