பெரிய உயிரும் சிறிய உயிரும்



மதுரைச் சீமையில் பிரசவ அறைக்கு வெளியே காத்து நின்றவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்டிருப்பார்கள். "பெரிய உயிரையாவது காப்பாற்றுங்கள்" என்பதே அது. பெரிய உயிர் என்பது தாய். சிறிய உயிர் வயிற்றிலிருக்கும் சிசு. கருவுற்ற பெண்ணொருத்தி கொடிய நோயில் விழும்போது, வைத்தியருக்கு முன்னே இருக்கும் நோயாளி ஒருவரா, இருவரா? தாய்க்குக் கொடுக்கும் மருந்து சிசுவுக்கும் போய்ச் சேருகிறது. சிசுவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் தாயின் கணக்கில் பற்றாகிறது. இந்தச் சங்கடத்தில் முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 1979-ஆம் ஆண்டில் என் தமக்கையார் எட்டு மாதக் கர்ப்பிணி. முகமும் காலும் வீங்கின, தலைவலி தாங்கவில்லை, பார்வையும் மங்கிற்று. இரத்த அழுத்தம் மிகுந்துவிட்டது, உடனே குழந்தையை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் வலிப்பு வரும், எடுத்தாலும் குழந்தை பிழைப்பது நிச்சயமில்லை என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். தாழ்வாரத்தில் நின்ற ஆண்கள் அனைவரும் யோசித்தோம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஊரிலிருந்து வந்து சேரட்டும் என்றார் ஒருவர். பஸ் வர நேரமாயிற்று. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. தமக்கையார் பிழைத்தார், குழந்தை இரண்டாம் நாள் போய்விட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் உள்ளே முழு நினைவோடுதான் படுத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னார்: "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியலை தம்பி. ஆனா ஒருத்தரும் கேக்கலையே."

அன்றைக்கே சட்டம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம், வயது வந்த பெண்ணின் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் ஒன்றையே கேட்கிறது. கணவனுடையதையோ மாமனாருடையதையோ கேட்பதில்லை. தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்று நல்லெண்ணத்துடன் கருதினால், பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரே, எத்தனை வாரமானாலும், கலைக்கலாம் என்றும் அது கூறுகிறது. குழந்தையை எடுப்பது வேறு, கருக்கலைப்பு வேறு என்பது உண்மைதான். ஆயினும் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் விடை இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆசிரியனாகப் போகிற எனக்கும் தெரியாது.

இனி நம் நகரிலேயே நடந்த ஒன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய இளம் பெண் மருத்துவர் ஒருவர் அரசு இராஜாஜி மருத்துவமனையில் காலமானார். முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை என்றும், என்றைக்குமே பெரியாஸ்பத்திரி என்றும் நம்மவர் வழங்குவது அதைத்தான். அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர். மருத்துவ ஊழியர்களுக்கு முதலில் ஊசி என்று அவ்வாண்டு ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில், கருவுற்றவர்களுக்கு இடமில்லை. ஜூலை 2-ஆம் தேதிதான் அவர்களுக்கும் அனுமதி வந்தது.

ஏன் இடமில்லை? பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் கருவுற்ற பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே அவர்களுக்குப் பாதுகாப்பானதா என்பதற்குச் சான்றில்லை. சான்று இல்லாததால் ஊசியும் இல்லை. ஆபத்து வராமல் காக்கிறோம் என்று ஒதுக்கிவைத்தார்கள், நோயோ ஒதுங்கவில்லை. அமெரிக்காவில் அதே குறைந்த சான்றை வைத்துக்கொண்டு, 2020 டிசம்பரிலேயே கருவுற்ற மருத்துவ ஊழியர்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவை அவர்களிடமே விட்டார்கள். நோயாளிகளுக்கிடையே தினந்தோறும் நின்ற நம் மருத்துவரை அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, யாரறிவார்?

இந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்தல் நியாயமன்று. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கமின்மைக்கும் உண்டார்கள். பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, பாதுகாப்புக்குச் சான்று போதாது என்று அனுமதி மறுத்து நின்றார். அந்த மருந்தைக் கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதிக்காமல் விற்றதே குற்றம். உலகம் கற்ற பாடமோ, கர்ப்பிணிகளைச் சோதனையிலேயே சேர்க்கலாகாது என்பது! தேர்வில் பையன் தோற்றான் என்று தேர்வையே எடுத்துவிட்ட பள்ளிக்கூடம் போலத்தான்.

எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது. என் தமக்கையாருக்கு வந்த வலிப்பு நோய்க்கு எந்த மருந்து சிறந்தது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். நம் நாட்டையும் உள்ளிட்ட பல நாடுகளில் 1,687 பெண்கள் பங்குகொண்ட ஆராய்ச்சியின் முடிவு 1995-இல் வந்தது. மக்னீசியம் சல்பேட்டே மேலானது என்று தெளிவாயிற்று. பேதியுப்பு என்று கடையில் கிடைப்பதும் அதே உப்புத்தான். ஆஸ்பத்திரியில் தூய்மையாக்கி ஊசி மூலம் செலுத்துகிறார்கள். பிறகு 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, வலிப்பு வருமுன் அதைக் கொடுத்தால் வரும் ஆபத்துப் பாதிக்கும் கீழே குறைகிறது என்று 2002-இல் காட்டியது. நோயுற்ற நிலையிலும் அப்பெண்களைக் கேட்டார்கள், அவர்கள் சம்மதித்தார்கள், அதனால் கிடைத்த அறிவு இது.

2021 ஜூலையில் என் தமக்கையாரின் இளைய மருமகள் கருவுற்றிருந்தாள். ஊசி போடலாமா, கூடாதா என்று திண்ணையில் பெரிய விவாதம். நானும் தலைமையாசிரியர் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து தமக்கையார் வெளியே வந்தார். "அவளை யாராவது கேட்டீங்களா?" என்றார். நாங்கள் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் மறுநாள் தானே சுகாதார நிலையத்துக்குப் போய், செவிலியரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு திரும்பினாள்.