பெட்டி ஏன் கனமாக இல்லை?

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவு, படிப்பதற்கு வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

நான் காலேஜ் படிச்சப்போ ரெண்டு வருஷம் பகுதிநேரமா கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனேன். இதைச் சொன்னா முதல்ல "கேபிள் டிவியா?"ன்னு கேட்பாங்க. இல்லைன்னா, "அப்ப எலக்ட்ரீஷியனா?" அதுவும் இல்லை. உங்க ஆபீஸ்ல மேஜைக்குக் கீழே ஒரு நெட்வொர்க் பாயின்ட் இருக்கும் பாருங்க, கதவு பக்கத்துல விரல் வைக்கிற மெஷின் இருக்கும், மூலையில கேமரா இருக்கும், ஃபயர் அலாரம் இருக்கும். இதுக்கெல்லாம் சுவருக்குள்ளயும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலயும் ஒயர் ஓடுது இல்லையா, அதை இழுக்கிற வேலை. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் கரண்ட் இதுல கிடையாது. அதனால லோ வோல்டேஜ் வேலைன்னு பேரு. கட்டடத் துறையில ஈஎல்வின்னு சொல்வாங்க.

சனி, ஞாயிறு, அப்புறம் காலேஜ் லீவு நாட்கள். ஒரு நாளைக்கு 600 ரூபாய். மதியச் சாப்பாடு அவங்க செலவு. என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அதுலதான் கட்டினேன்.

என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போனது எங்க தெருவுல இருந்த ஒரு அண்ணன். பதினைஞ்சு வருஷமா இதே வேலை. முதல் நாள் என்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கிரிம்பிங் டூலும் ஒரு லேன் டெஸ்டரும் வாங்க வெச்சார். "அடுத்தவன் டூலை வெச்சு வேலை கத்துக்க முடியாதுடா தம்பி"ன்னார். அந்த 900 ரூபாயை ரெண்டு நாள் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டார், அது வேற விஷயம்.

அவர் கத்துக்கொடுத்த விதமே தனி. கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கும், நாலு ஜோடியா முறுக்கி இருக்கும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இதைப் பஸ்ல போகும்போது கேட்பார், சாப்பிடும்போது கேட்பார். முறுக்கை ரொம்பப் பிரிக்காதே, அரை இஞ்சுதான். கயிறு மாதிரி வெடுக்குனு இழுக்காதே. கரண்ட் ஒயர் போற பைப்புல இதை நுழைக்காதே. சுவிட்ச்ல இருந்து கருவி வரைக்கும் மொத்தம் 100 மீட்டர், அதைத் தாண்டாதே. ரெண்டு முனையிலயும் நம்பர் ஒட்டு. "நாளைக்கு இதைத் திறந்து பாக்கிறவன் நம்மளைத் திட்டக் கூடாது", இதுதான் அவரோட தர அளவு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். தாம்பரம் தாண்டி ஒரு பெண்கள் விடுதி. வேலைக்குப் போற பெண்கள் தங்கி இருக்கிற இடம். மூணு மாடி, 32 கேமரா. கேமராவுக்குத் தனியா கரண்ட் கொடுக்க வேண்டாம், நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்டும் போகும். பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமா பிஓஈ. வேலை எடுத்தது ஒரு கான்ட்ராக்டர். எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அவர்தான்.

முதல் நாள் காலையில வண்டியில இருந்து கேபிள் பெட்டிகளை இறக்கினோம். ஒரு பெட்டியில 305 மீட்டர் இருக்கும். நல்ல கேட் 6 கேபிள்னா பெட்டி 10 கிலோவைத் தாண்டும். மூணாவது மாடிக்கு ஒண்ணு தூக்கினாலே மூச்சு வாங்கும். அன்னிக்கு நான் ரெண்டு கையில ரெண்டு பெட்டியைத் தூக்கிட்டுப் படி ஏறினேன். பாதிப் படியில நின்னு, "என்னண்ணே, பெட்டி கனமே இல்லை?"ன்னு கேட்டேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்கலை. "நீ ஜிம்முக்குப் போறே இல்ல, அதான்"ன்னார்.

நான் ஜிம்முக்கெல்லாம் போனதே இல்லை.

மதியம் ஒரு துண்டு கேபிளைச் சீவிப் பார்த்தேன். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பி மேல மெல்லிசா செம்பு பூசி இருக்காங்க. சிசிஏன்னு சொல்வாங்க. பெட்டி மேல பெரிசா கேட் 6னு அச்சடிச்சிருக்கும். ஆனா எந்த கேட் 6 தரத்துலயும் இதுக்கு இடம் கிடையாது. விலை ரொம்பக் கம்மி. கொட்டேஷன்ல "கேட் 6 கேபிள்"னு மட்டும் போட்டிருந்தா, வாங்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?

நான் அந்தத் துண்டை அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் பார்த்துட்டு, "தெரியும். இழு"ன்னார். நான் இழுத்தேன். இதை நான் மறைக்க விரும்பலை. நான்தான் இழுத்தேன். மூணு வாரம், சனியும் ஞாயிறும், சீலிங்குக்கு மேல கிளாஸ் வுல் தூசு கழுத்துல அரிக்க அரிக்க, அந்த மூணாவது மாடி முழுக்க நான் இழுத்த கேபிள்.

அங்க ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெண்கள் திரும்பி வர்றதுக்குள்ள, அஞ்சு மணிக்கு நாங்க வெளியேறிடணும். அதனால எல்லா டெஸ்டும் பகல்லதான் நடந்தது. என்கிட்ட இருந்த டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா பச்சையா எரிஞ்சது. அந்த டெஸ்டர், ஒயர் மாறாம இருக்கா, அறுபடாம இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். உள்ள செம்பா அலுமினியமான்னு சொல்லாது. 32 படமும் ஸ்கிரீன்ல பளிச்சுன்னு வந்தது. வார்டன் மேடம் எங்களுக்குக் காபி கொடுத்தாங்க.

பத்து நாள்ல போன் வந்தது. பின்பக்கக் கேட்டைப் பார்க்கிற கேமரா ராத்திரி ஆனா அணைஞ்சு அணைஞ்சு வருது. காலையில பார்த்தா நல்லா இருக்கு.

ஏன் ராத்திரி மட்டும்? கேமராவுல ஐஆர் விளக்கு இருக்கும், இருட்டுல பார்க்கிறதுக்கு. சாயங்காலம் வரைக்கும் அது எரியாது. இருட்டினதும் எரிய ஆரம்பிக்கும். அப்ப கேமரா இழுக்கிற கரண்ட் கூடும். அலுமினியத்தோட மின் கடத்தும் திறன் செம்புல சுமார் 60 சதவீதம்தான். இந்தக் கம்பி வேற மெலிசு. அந்த கேமரா கட்டடத்தோட கடைசி மூலையில, ரேக்ல இருந்து 90 மீட்டருக்கு மேல. கரண்ட் அதிகமா போகப் போக வழியிலேயே வோல்டேஜ் குறையுது, கேமராவுக்குப் போய்ச் சேர்றது பத்தலை. அணையுது. அணைஞ்சதும் சுமை இறங்குது, மறுபடி உயிர் வருது. ஐஆர் எரியுது, மறுபடி அணையுது. விடிய விடிய இதே கதை.

கான்ட்ராக்டர் கேமராவை மாத்தச் சொன்னார். மாத்தினோம். கனெக்டரை மாத்தச் சொன்னார். மாத்தினோம். மூணாவது தடவை போனப்போ அண்ணன் அந்தப் பழைய கேமராவை ரேக் பக்கத்துலயே ஒரு சின்ன ஒயர்ல மாட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டு வந்தார். ஒரு தடவைகூட அணையலை. கேமரா நல்ல கேமரா. மறுநாள் அவர் கான்ட்ராக்டர்கிட்ட போன்ல பேசினார், எதிர்ப்பக்கம் கத்தற சத்தம் எனக்கே கேட்டது. போனை வெச்சுட்டு என்கிட்ட, "சுவிட்ச் சரியில்லைன்னு சொல்லச் சொல்றார்"ன்னார்.

அண்ணன் கீழே ரேக் ரூமுக்குப் போனார். நான் மூணாவது மாடியில தனியா இருந்தேன். வார்டன் மேடம் வந்தாங்க. கோபப்படவே இல்லை. "தம்பி, பகல்ல இங்க யாருமே இருக்கறதில்லை. போன மாசம் யாரோ பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சான்னுதான் கேமராவே போட்டோம். எங்களுக்கு ராத்திரிதானே வேணும்?"

நான் பையில இருந்து பிளேடை எடுத்தேன். ஒரு துண்டு கேபிளைச் சீவி அவங்க கையில கொடுத்தேன். "இது செம்பு இல்ல மேடம். கேபிளை மாத்தச் சொல்லுங்க. விட்டுடாதீங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தம்மா விடலை. பாக்கிப் பணத்தை நிறுத்தி வெச்சாங்க. கான்ட்ராக்டர் மூணு மாடிக்கும் செம்புக் கேபிள் வாங்கி மறுபடி இழுத்துக் கொடுத்தார். கேமரா இப்ப ராத்திரியும் ஓடுது.

இதோட நிறுத்தினா நான் ஹீரோ. ஆனா கதை அங்க முடியலை. மறு இழுவைக்கு என்னைக் கூப்பிடலை. அது நான் எதிர்பார்த்ததுதான். அண்ணனை அந்த வேலைக்குச் சம்பளம் இல்லாம வெச்சுக்கிட்டாங்க. "உன் ஆளுதானே போட்டுக்கொடுத்தான், நீயே சரி பண்ணு." பதினொரு நாள். அவருக்கு ரெண்டு பசங்க, ஸ்கூல் திறக்கிற ஜூன் மாசம் அது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ள கூப்பிட்டார், அண்ணி டீ கொடுத்தாங்க. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "நீ சொன்னது தப்பில்லடா. எனக்கும் அந்தக் கேட்டை நினைச்சாத் தூக்கம் வரலை. ஆனா உனக்கு திங்கட்கிழமை காலேஜ் இருக்கு. எனக்கு திங்கட்கிழமையும் இதே வேலைதான். நீ சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேபிளைப் பத்திச் சொன்னதுக்கு இல்லை, அவரைக் கேட்காம சொன்னதுக்கு. அந்த 11 நாள் கூலியில என்னால முடிஞ்சதைக் கொடுக்கப் பார்த்தேன். வாங்கலை.

பகுதிநேர வேலைன்னா நமக்கு வெளியே போக ஒரு கதவு எப்பவும் திறந்தே இருக்கு. அதனால நேர்மையா இருக்கிறது நமக்குச் சுலபம். அது நம்ம பெருமை இல்லை. அந்தக் கதவு இல்லாதவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க, நம்ம நேர்மைக்கு அவங்க பில் கட்டறாங்க. அப்ப வாயை மூடிட்டு இருந்திருக்கணுமா? அதுவும் இல்லை. முதல் நாளே, அந்தப் பாதிப் படியிலேயே பேசியிருக்கணும். பெட்டி கனமில்லைன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இழுக்கிறதுக்கு முன்னாடி பேசியிருந்தா கடையில பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பாங்க, முடிஞ்சிருக்கும். இழுத்த பிறகு பேசினதாலதான் மூணு மாடிச் செலவு ஒருத்தர் தலையில வந்து விழுந்தது.

ஆறு மாசம் கழிச்சு அண்ணன் போன் பண்ணினார். வேற கான்ட்ராக்டர்கிட்ட சேர்ந்துட்டார். "சனிக்கிழமை வர்றியா?" போனேன். சைட்ல பெட்டி வந்து இறங்கினதும் முதல் வேலையா ஒரு சாண் கேபிளை வெட்டிச் சீவிப் பார்த்தார். சிவப்பா இருந்தது. அந்தத் துண்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "சரி, ஏறு"ன்னார். இப்ப எல்லா சைட்லயும் அப்படித்தானாம். வெள்ளையா இருந்தா அங்கேயே ஓனருக்குப் போன். "இன்னும் இழுக்கலை சார், மாத்திடலாமா?"ன்னு கேட்கிறார். பாதிப் பேர் மாத்திடறாங்களாம்.

உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ கேமரா போட்டா, கொட்டேஷன்ல "முழுச் செம்புக் கேபிள்"னு எழுதி வாங்குங்க. வேலை தொடங்கற அன்னிக்கு ஒரு துண்டைச் சீவிக் காட்டச் சொல்லுங்க. டெஸ்டை இருட்டின பிறகு ஒரு தடவை பாருங்க. முக்கியமா, இதையெல்லாம் கேபிள் இழுக்கிற பையன்கிட்ட கேட்காதீங்க, பணம் வாங்கறவர்கிட்ட கேளுங்க.

அன்னிக்குப் பெட்டியைத் தூக்கிட்டு ஏறினேன். ரெண்டு கையாலயும் ஒண்ணுதான் தூக்க முடிஞ்சது. ரெண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்குச்சு. மேல இருந்து அண்ணன் கேட்டார்: "என்னடா, ஜிம்மை நிறுத்திட்டியா?"